பின் சரி, பறவை இல்லை: சாலிம் அலியின் கதை

போன ஜூலை மாசம் நானும் என் ரூம்மேட்டும் வேடந்தாங்கல் போனோம். ஞாயிற்றுக்கிழமை, அவன் அண்ணனோட பைக், என்கிட்ட கடன் வாங்கின பைனாகுலர். மேப்ல பின் போட்டுட்டு, ஒரு தப்பு டர்ன்கூட எடுக்காம போய்ச் சேர்ந்துட்டோம். ஏரிக்கரை மேல ஏறிப் பார்த்தா ஏரியே இல்லை. வெடிச்ச களிமண், நடுவுல மொட்டையா நிக்கிற மரங்கள், தூரத்துல நாலஞ்சு மாடு. பறவைன்னு பார்த்தா ரெண்டு காக்கா, ஒரு மைனா.

மாடு ஓட்டிட்டு வந்த ஒரு தாத்தா எங்களைப் பார்த்துச் சிரிச்சார். ஐப்பசி மழைல ஏரி நிறையணும், கார்த்திகை தாண்டி வாங்க, அப்பவும் சாயங்காலமா வந்து மேற்கு வெயிலை முதுகுக்கு வெச்சுக்கிட்டு நில்லுங்க, அப்பதான் கூட்டமா திரும்பி வர்றது தெரியும்னு சொல்லிட்டுப் போயிட்டார். எங்க போன்ல இருந்த பின்னுல இதுல ஒண்ணுமே இல்லை.

திரும்பி வர்ற வழியில ரூம்மேட் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். எந்தப் பறவை எங்க, எப்ப கிடைக்கும்னு இந்தியா முழுக்க முதல்ல யார் எழுதி வெச்சிருப்பாங்க? ஜிபிஎஸ் இல்லாத காலத்துல எப்படி? தேடிப் படிச்சப்போ பல பேர் வந்தாங்க. பிரிட்டிஷ் அதிகாரிகள், டாக்டர்கள், வேட்டைக்காரர்கள். ஆனா சுத்திச் சுத்தி ஒரே பெயரில்தான் வந்து நின்னேன். சாலிம் அலி. பள்ளிக்கூட ஜிகே புத்தகத்துல இந்தியாவின் பறவை மனிதர்னு ஒரு மார்க் கேள்வியா படிச்சிருப்போம். அதுக்கு மேல எனக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கிட்டதை இங்கே சொல்றேன்.

ஒரு மஞ்சள் புள்ளி

சாலிம் அலி 1896 நவம்பர் 12ஆம் தேதி பம்பாயில் பிறந்தார். வீட்டில் கடைசிப் பிள்ளை. ஒரு வயதில் அப்பா போயிட்டார், மூன்று வயதில் அம்மா. குழந்தை இல்லாத மாமா அமீருதீன் தியாப்ஜியும் அத்தை ஹமீதா பேகமும்தான் எல்லாரையும் வளர்த்தார்கள். மாமா நல்ல வேட்டைக்காரர். பையன் கையில் ஒரு ஏர் கன் வாங்கிக் கொடுத்தார். அந்தக் காலத்து வசதியான வீடுகளில் அது சாதாரணம்.

பையன் சிட்டுக்குருவிகளைச் சுட்டுக்கொண்டு திரிந்தான். ஒரு நாள் விழுந்த குருவியின் கழுத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி. வழக்கமான சிட்டு மாதிரி இல்லை. மாமாவிடம் கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. மாமா பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டியில் உறுப்பினர். இனிமேல் சுருக்கமா பிஎன்ஹெச்எஸ்னு சொல்றேன். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட் என்ற ஆங்கிலேயரிடம் பையனை அனுப்பிவைத்தார்.

மில்லார்ட் அதை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று அடையாளம் சொன்னார். அதோடு விடவில்லை. டிராயர் டிராயராகத் திறந்து, பாடம் பண்ணி வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சின்ன அட்டை. எந்த இடம், எந்தத் தேதி, ஆணா பெண்ணா, யார் எடுத்தது. நம்ம பாஷையில சொன்னா மெட்டாடேட்டா. அந்த அட்டை இல்லாத பறவை வெறும் பஞ்சு அடைத்த தோல்தான். அது இருந்தால் ஒரு இடத்தைப் பற்றிய தகவல். பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றுக்கே அவர் அந்தக் குருவியின் பெயரைத்தான் வைத்தார். 1985ல் வந்த புத்தகம், பெயர் தி ஃபால் ஆஃப் எ ஸ்பாரோ.

அரியர் வெச்சவங்களுக்கு ஒரு ஆறுதல்

இந்தப் பகுதி நம்ம ஆளுங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். சாலிம் அலி படிப்பில் டாப்பர் இல்லை. தலைவலித் தொல்லையால் பள்ளி அடிக்கடி விட்டுப்போனது. 1913ல் மெட்ரிகுலேஷனைத் தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணினார். செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில் சேர்ந்து முதல் வருஷத்திலேயே திணறி வெளியே வந்துவிட்டார்.

வீட்டில் பர்மாவுக்கு அனுப்பினார்கள். தவாய் பகுதியில் குடும்பத்துக்கு டங்ஸ்டன் சுரங்கமும் மர வியாபாரமும் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளப் போன பையன், சுரங்கத்தை விடச் சுற்றியிருந்த காட்டைத்தான் அதிகம் பார்த்தார். அவர் ஓட்டிய முதல் மோட்டார் சைக்கிளும் அங்கேதான், ஒரு என்எஸ்யு வண்டி. வியாபாரம் தேறவில்லை. 1917ல் திரும்பி வந்தார். காலையில் ஒரு காமர்ஸ் கல்லூரியில் அக்கவுன்டன்சி, அது முடிந்ததும் ஃபாதர் பிளாட்டர் என்ற பேராசிரியர் தூண்டியதால் சேவியர்ஸில் விலங்கியல் வகுப்பு. அடுத்த வருஷம் தெஹ்மினா பேகத்தோடு கல்யாணம்.

விலங்கியல் பாடத்தை முடித்தார். ஆனால் பட்டம் இல்லை. அரசு விலங்கியல் துறையில் பறவையியல் வேலைக்கு முயற்சி செய்தபோது அந்தப் பட்டம் இல்லாததுதான் குறுக்கே வந்தது. 1926ல் பம்பாய் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியத்தில் கைடு லெக்சரர் வேலை கிடைத்தது, மாசம் 350 ரூபாய். இரண்டு வருஷத்தில் அது போரடித்துவிட்டது. லீவு போட்டு 1928ல் பெர்லின் போனார். அங்கே எர்வின் ஸ்ட்ரெஸ்மன் என்ற பெரிய பறவையியலாளரிடம் முறையாகக் கற்றுக்கொண்டார். ஹெலிகோலாந்து தீவில் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடுவதையும் பார்த்தார். இந்த வளையம் கதையில் பின்னாடி திரும்ப வரும்.

1930ல் பம்பாய் திரும்பினால் வேலை இல்லை. மியூசியத்தில் காசு இல்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். வயது 33, பெர்லின் பயிற்சி, சம்பளம் பூஜ்யம்.

ஒரே மரம், மூன்று மாசம்

வாடகை கட்ட முடியாத நிலை என்றால் நாம என்ன பண்ணுவோம்? ஊருக்குப் போவோம். அவரும் தெஹ்மினாவும் பம்பாய்க்கு எதிர்க்கரையில் கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் ஒரு வீட்டுக்குப் போனார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கின. மழைக்காலம் ஆரம்பிக்கும் நேரம், கூடு கட்டும் பருவம்.

வேறு வேலை இல்லாத மனிதர், ஏணி மாதிரி ஒரு மறைவிடம் கட்டி அதில் ஏறி உட்கார்ந்துவிட்டார். தினமும், மணிக்கணக்கில். அதுவரை எல்லாரும் ஆணும் பெண்ணும் சேர்ந்து கூடு கட்டிக் குடும்பம் நடத்துவதாக நினைத்திருந்தார்கள். அவர் பார்த்தது வேற. ஆண் குருவி கூட்டைப் பாதி வரைக்கும் கட்டும். பெண் குருவிகள் வந்து உள்ளே புகுந்து, இழுத்து, சோதித்துப் பார்க்கும். பிடித்திருந்தால் ஒரு பெண் தங்கும். பிறகுதான் ஆண் மீதிக் கூட்டை முடிக்கும். முட்டை வைத்ததும் அது அடுத்த கூட்டை ஆரம்பித்து அடுத்த பெண்ணுக்குக் காத்திருக்கும். இப்படி ஒன்றுக்குப் பின் ஒன்றாக. ஹவுஸ் ஓனர் இன்ஸ்பெக்‌ஷன் இல்லாம வீடு கை மாறாது, அவ்ளோதான்.

இந்தக் கட்டுரை பிஎன்ஹெச்எஸ் இதழில் வந்ததும்தான் பறவையியல் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று. தூக்கணாங்குருவி ஒன்றும் அபூர்வப் பறவை இல்லை. கிஹிம் ஒன்றும் புகழ்பெற்ற இடம் இல்லை. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனதுதான் அந்த இடத்தைப் பெரிய இடமாக்கியது.

சம்பளம் வேண்டாம், சாப்பாடு போதும்

அடுத்து அவர் பண்ணினதுதான் நம்ம கேள்விக்கு நேரான பதில். அப்போது நாட்டில் நூற்றுக்கணக்கான சமஸ்தானங்கள். பல இடங்களில் என்ன பறவை இருக்கிறது என்று ஒழுங்காகப் பதிவே இல்லை. சாலிம் அலி ஒரு யோசனை சொன்னார். சமஸ்தானம் பயணச் செலவையும் முகாம் செலவையும் மட்டும் கொடுத்தால் போதும், சம்பளம் வேண்டாம், பறவைக் கணக்கெடுப்பை நான் செய்து தருகிறேன்.

1931ல் ஹைதராபாத்தில் தொடங்கினார். 1933ல் திருவிதாங்கூரும் கொச்சியும். பிறகு மத்திய இந்தியச் சமஸ்தானங்கள், மைசூர், கட்ச் என்று வரிசையாக. மாட்டு வண்டி, கூடாரம், லாந்தர் விளக்கு. முகாமையே நடத்தியது தெஹ்மினாதான். இங்கிலாந்தில் படித்த பெண், காட்டுக்குள் கூடாரத்தில் கணக்கு எழுதிக்கொண்டு வாழ்ந்தார். இந்தக் கதையை எழுதுபவர்கள் அவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். சம்பளம் இல்லாத ஒருவர் வருஷக்கணக்காகக் காட்டில் வேலை பார்க்க முடிந்தது என்றால் அதில் பாதி அவருடைய உழைப்பு.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அந்தக் கணக்கெடுப்புகளில் பறவைகளைச் சுட்டுத்தான் பதிவு செய்தார்கள். அந்தக் காலத்து முறை அது. ஆனால் அவர் சுட்டதோடு நிற்கவில்லை. எந்த உயரத்தில் இருந்தது, எந்த மரத்தில், என்ன தின்றது, எந்த மாசம் கூடு கட்டியது, எந்த மாசம் காணாமல் போனது என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். இறந்த பறவையின் இறகை அளப்பதை விட உயிரோடு இருக்கும் பறவை என்ன செய்கிறது என்பதுதான் அவருக்கு முக்கியமாகத் தெரிந்தது.

திருவிதாங்கூர் கணக்கெடுப்பின்போது பெரியாற்றங்கரையில் தட்டேக்காடு என்ற இடத்தில் முகாம் போட்டார். கோதமங்கலம் பக்கம், இன்றைக்கு எர்ணாகுளம் மாவட்டம். அந்தக் காட்டின் பறவை வளம் அவரை அசத்தியது. குறித்துவைத்தார். சரியாக 50 வருஷம் கழித்து, 1983ல், அவருடைய பரிந்துரையால் அது சரணாலயம் ஆனது. வெறும் 25 சதுர கிலோமீட்டர்தான். இப்போது அவர் பெயரில்தான் இருக்கிறது.

இன்றைக்கு இலங்கைத் தவளைவாயன் பார்க்கணும் என்றால் எல்லாரும் சொல்லும் இடம் தட்டேக்காடு. இது ராத்திரிப் பறவை. பகலில் ஜோடியாக, காய்ந்த இலைக் கொத்து மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கும். ரெண்டு அடி தூரத்தில் நின்றாலும் நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பல நாள் அதே மரத்தில், அதே கிளைக்குத் திரும்பி வரும். அதனால் உள்ளூர் வழிகாட்டிகளுக்குக் கிளை வரைக்கும் தெரியும். மேப்பில் இருப்பது தட்டேக்காடு என்ற பெயர் மட்டும்தான். கிளை அவர்கள் தலைக்குள்தான் இருக்கிறது.

1939ல் ஒரு சின்ன ஆபரேஷனுக்குப் பிறகு தெஹ்மினா இறந்துபோனார். சாலிம் அலி உடைந்துபோனார். அதன்பிறகு அக்கா கமூ வீட்டில்தான் இருந்தார், மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையில் தன்னை மூழ்கடித்துக்கொண்டார். 1941ல் தி புக் ஆஃப் இந்தியன் பேர்ட்ஸ் வந்தது. சாதாரண மனிதர்கள் கையில் வைத்துக்கொண்டு பறவையை அடையாளம் காண உதவிய புத்தகம். பல பதிப்புகள் கண்டு இன்றுவரை விற்கிறது.

பைக் பிரியர்களுக்காக நடுவில் ஒரு தகவல். அவருக்குப் பறவைக்கு அடுத்தபடி மோட்டார் சைக்கிள்தான். ஹார்லி டேவிட்சன், டக்ளஸ், ஸ்காட் என்று வரிசையாக வைத்திருந்தார். 1950ல் சுவீடனின் உப்சாலாவில் உலகப் பறவையியல் மாநாடு. தன் சன்பீம் பைக்கைக் கப்பலில் ஏற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஓட்டிக்கொண்டே மாநாட்டுக்குப் போய் இறங்கினார். இந்தியாவிலிருந்தே ஓட்டி வந்துவிட்டார் என்று சிலர் நம்பினார்களாம். அப்போது அவருக்கு வயது 53.

வளையமும் வலையும்

பறவை இங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதுமா? அது எங்கிருந்து வருகிறது? ஹெலிகோலாந்தில் பார்த்த வளையம் அவர் மனசிலேயே இருந்தது. பணம்தான் இல்லை.

1957ல் கர்நாடகத்தின் க்யாசனூர் காட்டில் ஒரு புது நோய் வந்தது. குரங்குகள் செத்து விழுந்தன, மனிதர்களுக்கும் பரவியது. உண்ணி மூலம் வரும் வைரஸ். ரஷ்யாவில் இருந்த ஒரு நோய்க்கு இது உறவு மாதிரி தெரிந்ததால், வலசைப் பறவைகள் உண்ணியைச் சுமந்து வருகின்றனவோ என்று சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனம் ஆராய்ச்சிக்கு முன்வந்தது. சாலிம் அலி அந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டார். 1959ல் பிஎன்ஹெச்எஸ்ஸின் வலசை ஆய்வு ஆரம்பமானது. பறவையைப் பிடித்து, உண்ணி எடுத்து, எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டிப் பறக்கவிட வேண்டும். பிறகு அமெரிக்க ராணுவப் பணமும் இதில் வந்ததால் உளவு வேலையோ என்று நாடாளுமன்றம் வரை பேச்சு எழுந்தது தனிக் கதை.

இங்கே கவனிக்க வேண்டியது, பறவையை யார் பிடித்தார்கள் என்பது. ஆயிரக்கணக்கான பறவைகளை அடிபடாமல் பிடிக்க விஞ்ஞானிகளுக்குத் தெரியாது. பிகாரிலிருந்து மீர்ஷிகார்களைக் கூட்டி வந்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து விற்ற சமூகம். எந்தச் சேற்றில் எந்த உள்ளான் இறங்கும், காற்று எந்தப் பக்கம் அடித்தால் எங்கே வலை விரிக்கணும் என்று அவர்களுக்கு அத்துப்படி. வாத்துகளின் காலில் மாட்டிய வளையங்கள் சைபீரியாவிலிருந்து திரும்பி வந்தபோது, அந்தத் தகவலுக்குப் பின்னால் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரின் கைத்திறமையும் இருந்தது.

நம்ம ஊரில் அந்த வேலை நடந்த இடம் கோடியக்கரை. வேதாரண்யம் தாண்டி, நிலம் முடியும் மூலை. உப்பங்கழியும் சேறும் காடும் சேர்ந்த இடம், குளிர்காலத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் கூட்டம் கூட்டமாக வரும். 1960களில் சாலிம் அலி வந்து பார்த்து அதன் அருமையை எடுத்துச் சொன்னார். 1967ல் சரணாலயம் ஆனது. பிஎன்ஹெச்எஸ் பல வருஷம் அங்கே முகாம் போட்டு வளையம் மாட்டியது. டெல்டா பக்கத்துப் பசங்க நம்ம காலேஜ்ல எத்தனையோ பேர் இருக்கீங்க. எத்தனை பேர் போயிருக்கீங்க?

பரத்பூர்: அவர் காப்பாற்றியதும் தவறியதும்

இதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை வெறும் புகழ்ச்சியாகிவிடும்.

ராஜஸ்தானில் பரத்பூர் மகாராஜாவின் வாத்து வேட்டை ஏரி கேவலாதேவ். இயற்கை ஏரி இல்லை, அணை கட்டித் தண்ணீர் விட்டு உருவாக்கியது. 1938ல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, தண்ணீரை வடித்து விவசாய நிலமாக்கணும் என்ற கோரிக்கை எழுந்தது. சாலிம் அலி நேரு வரைக்கும் பேசி அதைத் தடுத்தார். அவர் இல்லையென்றால் அந்த ஏரி இன்று வயல்.

பரத்பூரை உலகம் தேடி வந்தது சைபீரியக் கொக்குக்காக. இந்தியாவில் அதை நம்பிப் போய்ப் பார்க்கக்கூடிய ஒரே இடம் அதுதான். 1960களின் நடுவில் சுமார் 200 வந்தன. பிறகு குறைந்துகொண்டே போனது. இடத்தை இன்னும் கண்டிப்பாகப் பாதுகாக்கணும் என்று தோன்றியது. 1980களின் தொடக்கத்தில் அது தேசியப் பூங்கா ஆனது. எருமைகள் உள்ளே மேயக் கூடாது என்று சாலிம் அலியும் பிஎன்ஹெச்எஸும் வலியுறுத்தினார்கள். 1982ல் தடை வந்தது. தலைமுறைகளாக அங்கே எருமை மேய்த்த சுற்றுவட்டாரக் கிராம மக்கள் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்தது. கிராமத்து மக்கள் உயிரிழந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. எருமைகள் போனதும் தண்ணீரில் ஒரு வகைப் புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்தது. திறந்த தண்ணீர் மூடிப்போனது. வாத்துகளுக்கு இறங்க இடமில்லை, மீன்கள் குறைந்தன. இவ்வளவு நாள் அந்தப் புல்லைத் தின்று தண்ணீரைத் திறந்து வைத்திருந்தது எருமைகள்தான். சிஸ்டத்துக்கு வெளியே இருந்து வந்த தொந்தரவு என்று நினைத்தது சிஸ்டத்தின் ஒரு பாகமாக இருந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? பிஎன்ஹெச்எஸ்தான். சாலிம் அலி இருந்த காலத்திலேயே 1980ல் பரத்பூரில் பத்து வருஷ ஆய்வு ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். தண்ணீர், புல், மீன், பறவை, எருமை எல்லாவற்றையும் அளந்தார்கள். முடிவு 1991ல் வந்தது: முழுத் தடை தவறு, மேய்ச்சல் ஓரளவு வேண்டும். பிறகு ஊர் மக்களை உள்ளே வந்து புல் அறுக்க அனுமதித்தார்கள். சாலிம் அலி அந்த முடிவைப் பார்க்க உயிரோடு இல்லை. அவருடைய அமைப்பின் அளவீடே அவருடைய நம்பிக்கையைத் திருத்தியது. அறிவியலுக்கு அது பெருமைதான். ஆனால் செத்தவர்கள் திரும்பி வரவில்லை. ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

கொக்கும் திரும்பி வரவில்லை. வலசைப் பாதையில் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக வரும்போது நடந்த வேட்டை முக்கியக் காரணம் என்கிறார்கள். 2001-02 குளிர்காலத்துக்குப் பிறகு பரத்பூரில் ஒன்றுகூட இல்லை. பின் அப்படியே இருக்கிறது.

வேடந்தாங்கலை இதோடு வைத்துப் பாருங்கள். அங்கே ஏரித் தண்ணீரில் பறவை எச்சம் கலந்து வயலுக்குப் போகும், நெல் நன்றாக விளையும். அதனால் ஊர்க்காரர்களே வேட்டைக்கு எதிராக நின்று, 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். அங்கே மக்களும் மாடும் ஏரியின் கணக்குக்குள்ளேயே இருந்தார்கள்.

கிடைத்ததும் கிடைக்காததும்

சாலிம் அலிக்குத் தேடல் நிற்கவே இல்லை. தொலைந்ததாக நினைத்த ஃபின் தூக்கணாங்குருவியை இமயமலை அடிவாரத்துக் குமாவோன் தெராய் பகுதியில் மறுபடி கண்டுபிடித்தார். அதே வட்டாரத்து மலைகளில் இமயமலைக் காடையைத் தேடித் தோற்றார். 1876க்குப் பிறகு யாரும் அதை உறுதியாகப் பார்க்கவில்லை, இன்றுவரை. அமெரிக்கரான டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து இந்தியா, பாகிஸ்தான் பறவைகளுக்கான கையேடு எழுதினார். 10 தொகுதி, 1968ல் தொடங்கி 1974ல் முடிந்தது. முதல் தொகுதி வந்தபோது வயது 72 நெருங்கிக்கொண்டிருந்தது. சர்வதேசப் பரிசாகக் கிடைத்த பெரிய தொகையைக்கூட இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே கொடுத்துவிட்டார்.

கடைசியாக ஒரு நல்ல செய்தி அவருக்கு வந்து சேர்ந்தது. நீண்ட காலோடு புதர்க்காட்டில் ஓடும் ஜெர்டன்ஸ் கோர்சர் என்ற பறவை. 1900க்குப் பிறகு யாரும் பார்க்காததால் அழிந்துவிட்டதாகவே முடிவு செய்திருந்தார்கள். 1986 ஜனவரியில் பிஎன்ஹெச்எஸ் ஆய்வாளர் ஒருவர் கடப்பா பக்கம் படத்தைக் காட்டி ஊர் ஊராக விசாரித்தார். உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர் ராத்திரியில் ஒன்றைப் பிடித்தே கொண்டுவந்துவிட்டார். அந்தப் பறவை சில நாளில் இறந்துபோனது, ஆனால் இனம் அழியவில்லை என்று தெரிந்தது. அது இரவில் நடமாடும் பறவை. பகலில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அதைவிட முக்கியம், அந்த ஊர்க்காரர்களுக்கு அது தொலையவே இல்லை. தெலுங்கில் அதற்குக் கலிவி கோடி என்று பெயரே இருந்தது. செய்தி வந்தபோது சாலிம் அலிக்கு 89 வயது.

1987 ஜூன் 20ஆம் தேதி அவர் இறந்தார். 1990ல் அவர் பெயரில் ஒரு பறவையியல் மையம் ஆரம்பித்தார்கள். அது எங்கே இருக்கிறது தெரியுமா? நம்ம கோயம்புத்தூர் பக்கம் ஆனைகட்டியில்.

என் நோட்டு

இந்த ஜனவரியில நானும் ரூம்மேட்டும் மறுபடி வேடந்தாங்கல் போனோம். சாயங்காலம் நாலரைக்குக் கரை மேல ஏறினா ஏரி ததும்பி நிக்குது. ஜூலையில மொட்டையா நின்ன மரங்கள்ல இலையைவிடப் பறவை அதிகம். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன். அஞ்சரைக்கு மேல, தாத்தா சொன்ன மாதிரியே, வயல் பக்கத்துல இருந்து கூட்டம் கூட்டமா வந்து இறங்க ஆரம்பிச்சுது. ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் பேசிக்கவே இல்லை. தாத்தாவைத் தேடினோம், கண்ணுல படலை.

அன்னிக்கு ராத்திரி ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்துல வேடந்தாங்கல். இடம், மாசம், நேரம், தண்ணி எவ்ளோ, யார் சொன்னாங்கன்னு அஞ்சு கட்டம் போட்டு எழுதினேன். ரெண்டாவது பக்கத்துல இருந்து நம்ம கேம்பஸ்தான். மெக் லேப் பின்னாடி இருக்கற தூங்குமூஞ்சி மரத்துப் பொந்துல ஒரு ஜோடி புள்ளி ஆந்தை, சாயங்காலம் ஆறேகால்ல இருந்து ஆறரைக்குள்ள வெளிய வரும், சொன்னது வாட்ச்மேன் அண்ணா. லேடீஸ் ஹாஸ்டல் பக்கத்துத் தண்ணித் தொட்டி வழியிற இடத்துல டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் ஒரு வாலாட்டி, காலைல ஏழு மணி, சொன்னது கேன்டீன் அக்கா. இதுவரைக்கும் பதினோரு பக்கம் ஆகியிருக்கு. அதுல எட்டு நான் கண்டுபிடிச்சது இல்லை, யாரோ சொன்னது.

மே மாசம் நான் பாஸ் அவுட் ஆயிடுவேன். நோட்டைத் தமிழ் மன்றம் ரூம்ல, பழைய இதழ்கள் அடுக்கி இருக்கற அலமாரியில ரெண்டாவது தட்டுல வெச்சுட்டுப் போறேன். மீதி இருபத்தொன்பது பக்கம் காலி. ஃபர்ஸ்ட் இயர்ல யாராவது எடுத்துக்கோங்க. ஆந்தை இருக்கற மரத்தை மட்டும் முதல்ல போய்ப் பாருங்க. புது பார்க்கிங்குக்கு அந்தப் பக்கம் அளந்து கயிறு கட்டியிருக்காங்க.